மே கடைசியில் சுவிட்சர்லாந்து: நாங்கள் பட்டதும் பார்த்ததும்

இன்னர்ட்கிர்ஷன் என்ற சிற்றூரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கிரிம்சல் கணவாய்க்கு, மற்றது சுஸ்டன் கணவாய்க்கு. பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் பெரிய பலகை ஒன்று. இரண்டு பெயருக்கும் நேராகச் சிவப்பு, 'கெஷ்லோசன்' என்ற ஒற்றைச் சொல். ஜெர்மன் தெரியாது என்றாலும் சிவப்பு புரியாமலா போகும்?

மே மாதக் கடைசி வாரம். கார்க் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் அனல் அடித்தது. வெப்பமானி 27 டிகிரி காட்டியது. பின் இருக்கையில் பையன் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் கேட்டு அனத்திக்கொண்டிருந்தான். "இவ்வளவு வெயில்ல எதுக்குடி ரோட்டை மூடி வச்சிருக்காங்க?" என்றாள் அம்மா.

என்னிடம் பதில் இல்லை. கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் என்று மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் சுற்றி வருவதற்காகத்தான் காரே எடுத்திருந்தோம். மாதக்கணக்கில் நான் பார்த்துச் சேர்த்து வைத்திருந்த படங்களில் பச்சை மலைகள், பாம்பாக வளையும் சாலை, எங்கோ தூரத்தில் கொஞ்சம் வெள்ளை. அத்தனையும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ எடுத்தவை என்பது அந்தப் பலகை முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது.

இது கொரோனாவுக்கு முந்தைய கதை. நான், கணவர், அம்மா, 9 வயதுப் பையன் என நாலு பேர், பத்து நாள். மே மாதம் ஐரோப்பா அருமையாக இருக்கும் என்று சொல்லாத ஆளில்லை. பொய்யும் இல்லை. ஆனால் ஆல்ப்ஸ் பக்கம் போகிறவர்கள் 'மே மாதம்' என்று மொத்தமாக நினைத்துக்கொண்டு போவதில்தான் வம்பு. ஏரிக்கரையில் கோடை, நடுமலையில் வசந்தம், அதற்கு மேலே இன்னும் பனிக்காலம். மூன்றும் ஒரே மதியத்தில், ஒரே ரயில் பாதையில் இருக்கும்.

ஃபுர்கா 2,429 மீட்டர் உயரம், சுஸ்டன் 2,224, கிரிம்சல் 2,164. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அங்கே மீட்டர் கணக்கில் கிடக்கும். வசந்தம் வந்ததும் இயந்திரங்களைக் கொண்டு அதை வெட்டித் தள்ளுவார்கள். சாலை எங்கே இருக்கிறது என்பதையே முதலில் தேட வேண்டியிருக்குமாம். வெட்டி முடித்தாலும் மேலிருந்து பனிச்சரிவு வராது என்று உறுதியான பிறகுதான் திறப்பார்கள். பெரும்பாலும் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் திறக்கும். அந்த வருஷப் பனி எவ்வளவு என்பதைப் பொறுத்துத் தேதி முன்பின்னாக நகரும். டிசிஎஸ் என்ற அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கத்தின் தளத்தில் ஒவ்வொரு கணவாயும் திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. பிரூனிக், யூலியர், சிம்ப்ளோன் போன்ற சில கணவாய்களைக் குளிர்காலத்திலும் திறந்தே வைக்கிறார்கள். ஃபுர்கா மூடியிருந்தால் ரேயால்ப்பிலிருந்து ஓபர்வால்டுக்குக் காரையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அன்றைய 27 டிகிரியும் ஒரு மாயம்தான். அதன் பெயர் ஃபோன். ஆமாம், காதில் விழுவது அப்படித்தான். லாட்டர்புருன்னனில் எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மையார் அன்று சாயங்காலம் வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஃபோன் உடைந்துவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் கணவர் அனிச்சையாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஃபோன் என்பது தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வரும் காற்று. ஏறும்போது தன் ஈரத்தை மலையின் தெற்குப் பக்கமே கொட்டிவிடும். வடக்குப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக, 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகிக்கொண்டே பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், மலைகள் கையால் தொடும் தூரத்தில் தெரியும். நாங்கள் நின்றிருந்த ஹஸ்லி பள்ளத்தாக்கு இந்தக் காற்றுக்குப் பேர்போனது. பக்கத்து ஊரான மெய்ரிங்கன் 1879இலும் 1891இலும் தீயில் அழிந்ததற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.

பலகையைப் பார்த்துத் திரும்பிய நாங்கள் சரி, பிரீன்ஸ் ஏரியில் படகிலாவது போகலாம் என்று கரைக்கு வந்தோம். கரையில் ஆரஞ்சு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அழகுக்கு வைத்தது என்று நினைத்துப் பையன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். சுவிஸ் ஏரிகளில் அது புயல் எச்சரிக்கை. நிமிஷத்துக்கு 40 தடவை மின்னினால் எச்சரிக்கையாக இரு, 90 தடவை மின்னினால் உடனே கரைக்கு வா. நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் ஏரியில் ஒரு படகும் இல்லை. வானம் துளி மேகம் இல்லாமல் கிடந்ததால் நாங்கள் காரணம் தெரியாமல் விழித்தோம். மலைநாட்டில் நீல வானம் மட்டும் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும். கேபிள் கார்களும் இப்படிப்பட்ட நாளில்தான் நின்றுபோகும்.

மறுநாள் காலை ஃபோன் உடைந்தது. எழுந்து பார்த்தால் எதிரே இருந்த மலையைக் காணோம். 9 டிகிரி, விடாத மழை. முந்தைய நாள் மதியத்துக்கும் அந்தக் காலைக்கும் 18 டிகிரி வித்தியாசம். குடை வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, ஊரில் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஞாயிறன்று எதுவானாலும் ரயில் நிலையக் கடைகள்தான் கதி என்பது அன்றைய பாடம்.

வீட்டுக்கார அம்மையார் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் அசந்தால் எப்படி என்பதுபோலச் சிரித்தார். அந்த ஊர் விவசாயிகளுக்கு மே மாதக் குளிர் பழகிய விருந்தாளியாம். மே 11 முதல் 15 வரை வரும் புனிதர் நாட்களை 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். அந்த ஐந்து நாள் கழியும்வரை தக்காளி போன்ற செடிகளை வெளியில் நட மாட்டார்கள். ஜூன் நடுவில் இன்னொரு குளிர் அலை உண்டு, அதன் பெயர் 'ஆட்டுக் குளிர்'. ரோமம் கத்தரித்த ஆடுகள் நடுங்கும் நேரம் என்பதால் அந்தப் பெயர். இத்தனை பெயர் வைத்திருக்கிற குளிரைப் பற்றி எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

ஆனால் அந்த மழை நாள்தான் பயணத்தின் மிக நல்ல நாட்களில் ஒன்றாக முடிந்தது. லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ட்ரூம்மல்பாக் என்று ஓர் அருவி. மலைக்கு உள்ளேயே, பாறையைக் குடைந்துகொண்டு பத்து அடுக்காக விழுகிறது. ஈகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் இந்தப் பக்கத்துப் பனியாறுகள் உருகி வரும் தண்ணீர் இதன் வழியாகத்தான் இறங்குகிறது. விநாடிக்கு 20,000 லிட்டர் வரை போகுமாம். வெளியே மழை, உள்ளே அருவி. நனைவதற்குத்தான் போகிறோம் என்றான பிறகு மழையைப் பற்றி என்ன கவலை? உள்ளே லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகும் ஈரமான படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டில் ஏறி, மேலே கொஞ்சம் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கிவிடலாம், அம்மா அப்படித்தான் செய்தாள். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க.

வசந்தத்தின் கடைசியில் ஆல்ப்ஸுக்குப் போவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் தண்ணீரைத்தான் சொல்வேன். உச்சிகளைப் பார்க்க செப்டம்பர் நல்லது, நடக்க ஜூலை நல்லது. அருவி பார்க்க இந்த நேரத்துக்கு ஈடில்லை. ஊருக்கு மேலேயே கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்ப்பாக் அருவி, அந்த மழைக்குப் பிறகு ராத்திரியெல்லாம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே இரைந்துகொண்டே இருந்தது. வடக்கே ஷாஃப்ஹவுசன் பக்கத்திலிருக்கும் ரைன் அருவியிலும் பனி உருகி வெள்ளம் பெருகுவது ஜூன், ஜூலையில்தான்.

திங்கள் காலை காரைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி நாட்களுக்குப் பணம் வரவில்லை, ஒப்பந்தத்தை நான் சரியாகப் படிக்காததற்குக் கூலி. அதற்குப் பதிலாக எட்டு நாள் ரயில் பாஸ் எடுத்தோம். பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பருவத்தில் அங்கே காரைவிட ரயில் மேல் என்பது என் தீர்மானமான கருத்து. கார் கணவாய்க்கு மேலே ஏற வேண்டும். ரயில் மலைக்கு அடியில் போய்விடும், அதற்குப் பனியைப் பற்றிய கவலை குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: இன்டர்லாக்கனிலிருந்து வரும் ரயில் ஸ்வைலுட்ஷினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறவும். நாங்கள் ஒரு தடவை கிரிண்டல்வால்டைத் தேவையில்லாமல் பார்த்தோம்.

செவ்வாய்க்கிழமை யுங்ஃப்ராவ்யோக். நம்மவர்கள் 'ஜங்ஃப்ரா' என்பது இதைத்தான். 3,454 மீட்டரில் ரயில் நிலையம். ஊரில் இருக்கும்போதே நாள் குறித்துவிட்டேன். காலையில் மழை. அம்மையார் தொலைக்காட்சியைப் போட்டுக் காட்டினார். மலையுச்சிகளில் பொருத்திய கேமராக்களின் காட்சியை ஓடவிடும் சேனல் அங்கே உண்டு. ஒவ்வொன்றாக மாறியது: வெள்ளை, வெள்ளை, சாம்பல், வெள்ளை. "இன்றைக்கு வேண்டாம்" என்றார். ஆனால் வியாழன் அன்று ஊர் மாற வேண்டும், புதனுக்கு வேறு திட்டம், பையன் இரவே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தான். போனோம்.

மேலே பார்த்தது வெள்ளைச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ஷ் இருக்கிறது என்று எழுதிப் போட்டிருந்தார்கள், நம்பிக்கொண்டோம். பனி மாளிகையில் சறுக்கினோம், சாக்லேட் தின்றோம். கணவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்பும் ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்து, "அத்தை, இந்தக் காசுக்கு நாலு நாள் சாப்பிட்டிருக்கலாம்" என்றார். அம்மா, "போனதுக்கு அடையாளமா தலைவலி இருக்கே மாப்பிள்ளை" என்றாள். அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு மணி நேரத்துக்குள் 800 மீட்டரிலிருந்து அங்கே போய் நின்றால் தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்? மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதயத் தொந்தரவோ மூச்சுத் தொந்தரவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் செய்த தப்பு மழையில் போனதல்ல, உச்சிக்கு நாள் குறித்தது. ஆல்ப்ஸில் உச்சி பார்க்க வேண்டுமென்றால் ஓர் ஊரில் நாலு நாளாவது தங்கி, எந்த நாள் திறக்கிறதோ அந்த நாளைப் பிடிக்க வேண்டும். காலை ஆறரைக்கு கேமராவைப் பார், தெளிந்திருந்தால் கிளம்பு, இல்லையென்றால் அருவிக்குப் போ. சீட்டையும் அன்று காலை வாங்கு. கூட்டம் அதிகமுள்ள நாளில் இருக்கை கிடைக்காமல் போகலாம்தான், ஆனால் வெள்ளைச் சுவரைவிட அது மேல். மேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும் என்பதால் முதல் ரயில், அல்லது இரண்டாவது. இப்போது கிரிண்டல்வால்டிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிற்கும் ஈகர் பனியாறு நிலையத்துக்கு 15 நிமிஷத்தில் ஏற்றிவிடும் கேபிள் கார் 2020 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, கடைசி நேர முடிவு எடுப்பவர்களுக்கு அது ரொம்ப வசதி.

அன்று இரவு அம்மையார் எனக்கு வானிலை அறிக்கை படிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் அதுவரை டிகிரியையும் மேகப் படத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மெட்டியோஸ்விஸ் என்பது அந்நாட்டு அரசின் வானிலைத் துறை. அதன் அறிக்கையில் அவர் தேடியது இரண்டே எண்கள். ஒன்று, எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது. மற்றது, எந்த உயரம் வரை மழை பனியாக விழும். பனி விழும் எல்லை பூஜ்ய டிகிரி உயரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே இருக்கும், ஏனென்றால் விழுகிற பனி உருக அவ்வளவு தூரம் ஆகும். குறுகிய பள்ளத்தாக்கில் கனமாகக் கொட்டினால் இன்னும் கீழே இறங்கிவிடும். அந்த எல்லை 1,500 என்று போட்டிருந்தால் 800 மீட்டரில் இருக்கும் நம் வீட்டில் மழை, 1,638 மீட்டரில் இருக்கும் ம்யூரனில் பனி. வேறு கணக்கே வேண்டாம். மேலே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எந்த ஊருக்கு என்ன போட்டுக்கொண்டு போவது என்பதை நாமே சொல்லிவிடலாம்.

புதன்கிழமை அதைச் சோதித்துப் பார்த்தோம். லாட்டர்புருன்னனில் தூறல். கேபிள் காரில் கிரூட்ஷால்ப் வரை ஏறி, அங்கிருந்து குட்டி ரயிலில் ம்யூரன் போனோம். பாதியில் ஜன்னலுக்கு வெளியே தூறல் தயங்கி, மிதந்து, பனியாக மாறியது. ம்யூரனில் புல்வெளிகள் மேல் மூன்று விரற்கடை வெள்ளை, அதற்குள்ளிருந்து மஞ்சள் பூக்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பையன் கையுறை இல்லாமல் பனியுருண்டை செய்து, பத்தே நிமிஷத்தில் விரல் சிவந்து அழுதான். மே மாதத்துக்குக் கையுறையா என்று பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டவள் நான்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனமான கோட்டு ஒன்று கொண்டுபோனால் அது பாதி நாள் கையில்தான் தொங்கும். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருக்க வேண்டும்: உள்ளே மெல்லிய பனியன், மேலே கம்பளியோ ஃப்ளீஸோ, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். குல்லாவும் கையுறையும் ஆளுக்கொன்று. காலுக்குத் தண்ணீர் புகாத, அடியில் பிடிமானமுள்ள ஷூ. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. குடை ஊருக்குள்தான் உதவும், மலைக்காற்றில் முதல் நாளே திரும்பிக்கொண்டது.

நடக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்லிஷனிலிருந்து கிளைனே ஷைடெக்குக்குப் போகும் பிரபலமான பாதை நாங்கள் போனபோது இன்னும் திறக்கவில்லை. உயரமான பாதைகள் பலவும் ஜூனில்தான் திறக்கின்றன. குளிர்காலக் கூட்டம் போன பிறகு, கோடைக் கூட்டம் வருவதற்கு முன் கேபிள் கார்களைப் பழுது பார்க்க நிறுத்தும் பருவமும் இதுதான். ஊர்களில் பாதி விடுதிகளும் சாத்தியிருக்கும். அம்மாவும் நானும் ம்யூரனில் சூடாக ஏதாவது கிடைக்குமா என்று மூன்று கதவு தட்டினோம். மஞ்சள் பலகை உள்ள பாதை சாதாரண நடைக்கு, வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டது மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கில்லை. பாதையில் பழைய பனித்திட்டு குறுக்கே கிடந்தால் திரும்பிவிடுவது நல்லது. மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் உருகிய நீர் ஓடிக் குழிந்திருக்கும். கணவர் ஒரு கால் தொடை வரை உள்ளே போய் வந்தார்.

அவருக்கு அதைவிடப் பெரிய சோதனை மூக்கில் வந்தது. மே, ஜூன் புல் பூக்கும் காலம். பள்ளத்தாக்குப் புல்வெளிகள் படத்தில் எவ்வளவு அழகோ, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவ்வளவு தொந்தரவு. மழை நாளில் நன்றாக இருந்தவர் வெயில் நாளில் கண்ணெரிச்சலோடு தும்மிக்கொண்டே இருந்தார். ஒவ்வாமை மாத்திரையை முன்கூட்டியே எடுத்துப் போவது நல்லது. உயரமான புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பதும் அங்கே வழக்கம், சில உண்ணிகள் மூளைக் காய்ச்சலைப் பரப்பும்.

வியாழக்கிழமை தெற்கே லோகார்னோவுக்குக் கிளம்பினோம். அன்று 'அவ்ஃபார்ட்', ஏசு விண்ணேற்பு நாள். ஈஸ்டரிலிருந்து கணக்கிட்டு வரும் வியாழக்கிழமை விடுமுறை இது. வெள்ளிக்கிழமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பாதி நாடு தெற்கே வெயிலைத் தேடிப் போகிறது. கோட்ஹார்ட் சாலைச் சுரங்கத்துக்கு முன்னால் இந்த வாரயிறுதியிலும் அடுத்து வரும் பெந்தெகொஸ்தே வாரயிறுதியிலும் பத்து கிலோமீட்டரைத் தாண்டி வாகனங்கள் நிற்பதுண்டு. ரயிலிலும் நிற்கத்தான் இடம் இருந்தது, அம்மாவுக்கு மட்டும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். இருக்கைக்கு முன்பதிவு செய்ய முடியும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ரயில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிச் சுரங்கத்துக்குள் சாம்பல் வானத்தோடு நுழைந்தது. இருபது நிமிஷம் இருட்டு. வெளியே வந்தபோது பெட்டி முழுக்க வெயில். பையன் "வேற நாடா?" என்றான். வானிலைக்கு அது வேறு நாடுதான். முந்தைய சனிக்கிழமை நாங்கள் வடக்கே 27 டிகிரியில் வியர்த்தபோது இங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. இப்போது காற்று வடக்கிலிருந்து அடிப்பதால் அங்கே மழை, இங்கே வெயில். ஆல்ப்ஸ் குறுக்கே நிற்பதால் ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் நன்றாயிருக்க வாய்ப்பு அதிகம். இது முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த மூன்று மழை நாளில் ஒன்றிலாவது தெற்கே வந்துவிட்டுத் திரும்பியிருப்பேன். அங்கிருந்து சில மணி நேரப் பயணம்தானே!

லோகார்னோவில் பனைமரங்கள், இத்தாலியன் பேச்சு, கதகதப்பான மாலை. வெயில் ஊர் என்று பேரெடுத்த இடம்தான், ஆனால் ஆண்டு மழை 1,800 மில்லிமீட்டருக்கு மேல், சூரிக்கைவிட நன்றாகவே அதிகம். பெய்தால் பேய்மழை, பெய்யாவிட்டால் பளிச்சென்ற வெயில், நடுவாந்தரம் குறைவு. வெள்ளி சாயங்காலம் அரை மணி நேரத்தில் வானம் கறுத்து, இடி மலைக்கு மலை எதிரொலித்து, தெருவில் தண்ணீர் ஓடியது. வெர்சாஸ்கா, மாஜியா ஆறுகளின் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் குதிக்கத் தோன்றும். மேல்மலையில் பெய்த மழைக்கு, வானம் தெளிவாயிருக்கும் கீழ்ப்பகுதியில் திடீரென்று நீர் ஏறும், அதோடு உருகிய பனியின் குளிர்ச்சி வேறு. கரையிலேயே எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அதை மிகையென்று நினைக்கிறவர்கள் 2024 ஜூன் 21 இரவை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்து மிசோக்ஸ் பள்ளத்தாக்கில் பெய்த மழையில் ஏ13 நெடுஞ்சாலையில் ஒரு துண்டையே ஆறு அடித்துக்கொண்டு போனது. அடுத்த வாரமே மாஜியா பள்ளத்தாக்கில் பாலம் இடிந்தது.

சனிக்கிழமை சென்டோவல்லி ரயில். லோகார்னோவிலிருந்து இத்தாலியின் டொமொடொஸ்ஸோலாவுக்கு 52 கிலோமீட்டர், 83 பாலங்கள். முந்தைய நாள் மழைக்கு ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஓர் அருவி. எல்லை தாண்டுவதால் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து சிம்ப்ளோன் சுரங்கம் வழியாக மறுபடி சுவிஸ், வாலே மாநிலம்.

இரண்டு பக்கமும் உயர்ந்த மலைத்தொடர் இருப்பதால் வடக்கு மழையும் தெற்கு மழையும் பாதி வழியிலேயே தீர்ந்துவிட, வாலேயின் நடுப்பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கிறது. சியோனில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். பனியாற்று நீரை மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பயிர் செய்யும் பழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. எனக்கு இந்த வறட்சி வரமாகப் பட்டது. நாலு நாள் மட்டும் இருக்கிறது, மே மாதம், ஓர் உச்சியாவது தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இன்டர்லாக்கனை விட்டு, இதே வாலேயில் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கும் செர்மாட்டைத்தான் சொல்வேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு செர்மாட்டில் கேமரா: சுத்தமான நீலம். ஏழரைக்குப் பல்சக்கர ரயிலில் ஏறிவிட்டோம். 3,089 மீட்டர் கோர்னர்கிராட்டில் இறங்கியபோது மாட்டர்ஹார்ன் மேல் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பதினொரு மணிக்குச் சிகரத்தின் தோளில் முதல் மேகம் ஒட்டியது, பன்னிரண்டுக்கு முழுசாக மூடிவிட்டது. அப்போதுதான் பெரிய பெரிய குழுக்கள் ரயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.

இத்தனை பாடம் படித்த பிறகும் ஒன்றை மறந்தேன். குளிருக்கு எல்லாம் எடுத்தோம், வெயிலுக்கு எடுக்கவில்லை. மேலே போகப் போக புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். மே கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட உச்சக் கோடைச் சூரியன்தான், பனி மட்டும்தான் குளிர்காலத்தது. பையனுக்கு அன்று இரவு மூக்கின் அடியும் தாடையின் கீழும் தோல் சிவந்து எரிந்தது. தொப்பி போட்டிருந்தான், வெயில் கீழிருந்து வந்தது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கையுறைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியவை.

கடைசி நாள் மோன்ட்ரோ. மறுநாள் ஜெனிவாவில் விமானம். ஏரிக்கரையில் 22 டிகிரி, எல்லோரும் மறுபடி அரைக்கைச் சட்டைக்கு வந்துவிட்டோம். பாஸில் கடைசி நாள் பாக்கி இருந்ததால் சும்மா ஒரு ரயிலில் ஏறி மேலே போனோம். லெஸ் அவான் என்ற நிலையம், ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வளைவில் திரும்பியதும் சரிவு முழுக்க வெள்ளை.

"இங்கயும் விழுந்திருக்காடி?" என்று அம்மா பையிலிருந்து கையுறையை எடுத்துவிட்டாள்.

பையன் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, பூ!" என்றான். காட்டு நார்சிசஸ் மலர்கள். மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அந்தச் சரிவுகளில் பூக்கின்றன. ஊர்க்காரர்கள் பிரெஞ்சில் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'மே மாதப் பனி'தான் என்று எதிர் இருக்கைக்காரர் சொன்னார். இறங்கினோம். அம்மா ஒரு கையுறையை மாட்டியபடியே போய் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.